பிரிவினைக்குப் பிறகு வாக்குறுதிகள்: காளஹஸ்தி வட்டாரம் சொல்லும் பாடம்

புது தில்லி: நாடாளுமன்றத்தில் ஒரு பிரதமர் எழுந்து நின்று கூறும் சொல்லுக்கு எவ்வளவு மதிப்பு? 2014ஆம் ஆண்டு பிப்ரவரி 20ஆம் தேதியிலிருந்து ஆந்திர மக்கள் கேட்டுவரும் கேள்வி இது. அதற்கு இன்றுவரை தில்லியிலிருந்து நேரான பதில் இல்லை.

அன்று மாநிலங்களவையில் ஆந்திரப் பிரதேச மறுசீரமைப்பு மசோதா மீதான விவாதத்தின்போது, அப்போதைய பிரதமர் மன்மோகன் சிங் ஓர் அறிக்கை அளித்தார். ராயலசீமையின் 4 மாவட்டங்களும் வட கடலோரத்தின் 3 மாவட்டங்களும் உள்ளிட்ட 13 மாவட்டங்களைக் கொண்ட எஞ்சிய ஆந்திரத்துக்கு 5 ஆண்டுகளுக்குச் சிறப்பு அந்தஸ்து வழங்கப்படும் என்றார். அது போதாது, 10 ஆண்டுகள் வேண்டும் என்று எதிர்வரிசையிலிருந்து வெங்கய்ய நாயுடு வாதாடினார். மசோதா நிறைவேறியது, அந்த ஆண்டு ஜூன் 2ஆம் தேதி தெலங்கானா பிறந்தது. சிறப்பு அந்தஸ்து மட்டும் வரவேயில்லை.

ஒரே வீட்டில் இருந்தவர்கள் பிரிந்த பிறகு, அவர்களுக்குள் நடக்கும் கொடுக்கல் வாங்கலில் நம்பிக்கை எதன் மீது நிற்கிறது என்பதே இதில் அடங்கிய அடிப்படைக் கேள்வி. நாடுகள் பிரிந்தாலும் மாநிலங்கள் பிரிந்தாலும் கேள்வி ஒன்றுதான். அதற்கான விடையைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. தமிழகப் பக்தர்கள் நாள்தோறும் சென்று வரும் காளஹஸ்தியின் சுற்றுவட்டாரத்திலேயே அதைப் பார்க்கலாம்.

கல், கல்லூரி, கால்வாய்

காளஹஸ்திக்கு அருகே மன்னவரம் என்ற ஊர் உள்ளது. பொதுத்துறை நிறுவனங்களான என்டிபிசியும் பெல் நிறுவனமும் கூட்டாக அங்கு மின் உற்பத்தி இயந்திரத் தொழிற்சாலை அமைக்கத் திட்டமிட்டன. சுமார் 6,000 கோடி ரூபாய் முதலீடு என்று அறிவிக்கப்பட்டது. 2010 செப்டம்பர் 1ஆம் தேதி பிரதமர் மன்மோகன் சிங்கே நேரில் வந்து அடிக்கல் நாட்டினார். ஆந்திரம் இரண்டாவதற்கு முன் நடந்த விழா அது. ஆனால், எண்ணிய அளவில் அந்த ஆலை ஒருபோதும் எழவில்லை. பங்குதாரர்களான இரு நிறுவனங்களுமே பின்னர் அந்தக் கூட்டு நிறுவனத்தை மூடும் முடிவுக்கு வந்தன.

அதே வட்டாரத்தில், காளஹஸ்திக்கும் ரேணிகுண்டாவுக்கும் இடையே உள்ளது ஏர்ப்பேடு. அங்கு திருப்பதி ஐஐடியின் நிரந்தர வளாகம் நிற்கிறது. இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனத்தின் வளாகமும் அப்பகுதியிலேயே அமைந்துள்ளது. இரண்டும் 2015இல் தாற்காலிக இடங்களில் வகுப்புகளைத் தொடங்கியவை. இவை மறுசீரமைப்புச் சட்டத்தின் 13ஆவது அட்டவணையில் வரிசையாக எழுதப்பட்ட கல்வி நிறுவனங்களைச் சேர்ந்தவை.

மூன்றாவதாக, இந்த வறண்ட மண்ணின் வழியே ஒரு கால்வாய் ஓடுகிறது. கண்டலேறு அணையிலிருந்து பூண்டி ஏரிக்குச் சென்னையின் குடிநீரைக் கொண்டு வரும் தெலுகு கங்கைக் கால்வாய் அது. 1953இல் பிரிந்த இரு மாநிலங்கள், பிரிந்து 30 ஆண்டுகளுக்குப் பிறகு செய்துகொண்ட உடன்படிக்கையின் விளைவு.

வெறும் அடிக்கல்லாக நின்றது ஒன்று. சட்டத்தில் எழுதப்பட்டு எழுந்தது மற்றொன்று. அளவும் மாதமும் குறித்து ஒப்பந்தமானது மூன்றாவது. பிரிவினைக்குப் பிந்தைய பேச்சுவார்த்தையில் எது நிலைக்கும், எது நிலைக்காது என்பதற்கு இவை மூன்றும் சாட்சி.

ஏன் வாய்மொழியாகச் சொன்னார்?

சிறப்பு அந்தஸ்தை மசோதாவிலேயே சேர்த்திருக்கலாமே என்ற கேள்வி இயல்பாக எழும். அன்றைய சூழலை நினைவுகூர்ந்தால் காரணம் விளங்கும். பிப்ரவரி 13ஆம் தேதி மக்களவைக்குள் மிளகுப் பொடி தெளிக்கப்பட்டது. 18ஆம் தேதி நேரடி ஒளிபரப்பு நின்றுபோன நிலையில் மக்களவையில் மசோதா நிறைவேறியது. 15ஆவது மக்களவையின் கடைசிக் கூட்டத்தொடர் 21ஆம் தேதியுடன் முடிந்தது. மாநிலங்களவையில் ஒரு சொல்லைத் திருத்தியிருந்தாலும் மசோதா மீண்டும் மக்களவைக்குச் சென்றிருக்க வேண்டும். அதற்கு அவகாசமும் இல்லை. அவையை நடத்தும் சூழலும் இல்லை. ஆகவே, திருத்தத்தின் இடத்தில் ஓர் அறிக்கை வைக்கப்பட்டது.

அந்த அறிக்கையைத் தந்த அரசு மூன்றே மாதங்களில் தேர்தலில் தோற்றது. புதிய அரசு வந்த பிறகு திட்டக் கமிஷன் கலைக்கப்பட்டு, 2015 ஜனவரி 1ஆம் தேதி நீதி ஆயோக் அமைந்தது. மாநிலங்களின் வரிப் பங்கை 32 சதவீதத்திலிருந்து 42 சதவீதமாக உயர்த்திய 14ஆவது நிதி ஆணையம், வரிப் பகிர்வில் சிறப்பு மாநிலம், பொது மாநிலம் என்ற பாகுபாடு எதையும் செய்யவில்லை. இதைச் சுட்டிக்காட்டிய மத்திய அரசு, இனி எந்த மாநிலத்துக்கும் புதிதாகச் சிறப்பு அந்தஸ்து இல்லை என்றது. 2016 செப்டம்பரில் நிதியமைச்சர் அருண் ஜேட்லி அதற்கு ஈடாகச் சிறப்பு நிதியுதவித் தொகுப்பை அறிவித்தார்.

இங்கே நியாயம் முழுவதும் ஒரு பக்கம் மட்டுமே உள்ளது என்று கூறிவிட முடியாது. 2016இல் தொகுப்பை ஏற்றுக்கொண்ட தெலுகு தேசம், 2018 மார்ச்சில் தனது இரு அமைச்சர்களையும் விலக்கிக்கொண்டு கூட்டணியிலிருந்தும் வெளியேறியது. அக்கட்சி கொண்டுவந்த நம்பிக்கையில்லாத் தீர்மானம் 2018 ஜூலை 20ஆம் தேதி 126க்கு 325 என்ற வாக்குகளில் தோற்றது. அதே தெலுகு தேசம், 2024 தேர்தலில் 16 எம்.பி.க்களுடன் மத்திய அரசின் முக்கியத் தூண்களில் ஒன்றாயிற்று. அவ்வாண்டு ஜூலை பட்ஜெட்டில் அமராவதிக்கு 15,000 கோடி ரூபாய் ஏற்பாடு செய்யப்படும் என்று அறிவிப்பு வந்தது. நாடாளுமன்றத்தில் தந்த வாக்கினால் கிடைக்காத நிதிக்கு, நாடாளுமன்ற எண்ணிக்கை வழி திறந்தது என்றே ஆந்திரத்தில் பலரும் இதைப் புரிந்துகொண்டனர்.

மக்களுக்கு ஏற்படும் நஷ்டம் இதுதான். அமைச்சர்கள் அவையில் தரும் உறுதிமொழிகளைக் கண்காணிக்க மக்களவையில் 1953 முதலும், மாநிலங்களவையில் 1972 முதலும் தனிக் குழுக்கள் செயல்படுகின்றன. அவை அறிக்கைகள் தரலாம், கேள்வி கேட்கலாம். ஆனால், நிறைவேற்றியே தீர வேண்டும் என்று அரசைக் கட்டாயப்படுத்தும் அதிகாரம் அவற்றுக்கு இல்லை.

எழுதினால் மட்டும் போதுமா?

சட்டத்தில் எழுதிவிட்டால் எல்லாம் நடந்துவிடும் என்று எண்ணுவதும் தவறு. அதே 13ஆவது அட்டவணையை வரி வரியாகப் படித்தால் இது தெரியும். காளஹஸ்திக்குக் கிழக்கே கடற்கரையில் உள்ள துகராஜபட்டினத்தில் மத்திய அரசு ஒரு பெரிய துறைமுகம் அமைக்கும் என்றும், முதல் கட்டம் 2018 இறுதிக்குள் முடியும் என்றும் அதில் உள்ளது. இடத்தின் பெயர் இருக்கிறது, கெடுவும் இருக்கிறது. 2018 முடிந்தது, துறைமுகம் வரவில்லை. கடப்பா உருக்காலை பற்றிய வாசகமோ, சாத்தியக்கூறுகளை 6 மாதங்களில் ஆராய வேண்டும் என்பதோடு நின்றுவிடுகிறது. தனி ரயில்வே மண்டலத்துக்கும் அதே வகை வாசகம்தான். மண்டலம் 2019 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டது. அதன் தலைமையகத்துக்கு 2025 ஜனவரியில்தான் அடிக்கல் நாட்டப்பட்டது.

'அமைக்க வேண்டும்' என்பதற்கும் 'ஆராய வேண்டும்' என்பதற்கும் உள்ள இடைவெளியில் ஒரு தலைமுறையின் வேலைவாய்ப்பு விழுந்துவிடலாம். 'அமைக்க வேண்டும்' என்றே எழுதியிருந்தாலும், கெடு தவறினால் யாரிடம் முறையிடுவது என்பது எழுதப்படாவிட்டால் அந்தக் கெடு வெறும் தேதிதான்.

கிராமத்துப் பாகப்பிரிவினைப் பத்திரங்களைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. நிலத்தைச் சமமாகப் பிரிப்பது எளிது. பொதுக் கிணற்றில் யாருக்கு எந்த நாள் முறை, வரப்பில் வண்டிப் பாதை யாருக்கு, வாய்க்காலைத் தூர்வாரும் செலவு யார் தலையில் என்பதை எழுதாமல் விட்டால், அண்ணன் தம்பி இருவரும் நீதிமன்றப் படிக்கட்டில்தான் சந்திப்பார்கள்.

ஹைதராபாதில் நின்ற கிணறு

ஆந்திரம், தெலங்கானா விஷயத்தில் அந்தப் பொதுக் கிணறு ஹைதராபாத். ஒன்றுபட்ட மாநிலத்தின் வாரியங்களும் கழகங்களும் பயிற்சி நிலையங்களும் பெரும்பாலும் அங்கேயே இருந்தன. சட்டத்தின் 9ஆவது அட்டவணையில் 91 நிறுவனங்கள். 10ஆவது அட்டவணையில், பின்னர் சேர்க்கப்பட்டவற்றையும் கூட்டினால், 142 நிறுவனங்கள். சொத்தும் கடனும் மக்கள்தொகை விகிதப்படி ஆந்திரத்துக்கு 58.32, தெலங்கானாவுக்கு 41.68 என்று அளவு வகுக்கப்பட்டது. ஆனால், 10ஆவது அட்டவணை நிறுவனங்களைப் பொறுத்தவரை, ஓராண்டு வரை இரு மாநிலத்துக்கும் சேவை தொடரும் என்றும், அதன் நிபந்தனைகளை இரு அரசுகளும் பேசி முடிவு செய்யலாம் என்றும் சட்டம் சொன்னது. சொத்துப் பிரிவினை பற்றித் தெளிவாகச் சொல்லவில்லை.

கட்டடத்தைக் கைவசம் வைத்திருப்பவருக்குத் தாமதத்தால் நஷ்டமில்லை. கணக்கு முடியும் வரை காத்திருப்பவருக்கே நஷ்டம். ஆந்திர உயர்கல்வி மன்றத்தின் வங்கிக் கணக்கு தொடர்பான வழக்கில், நிதி மக்கள்தொகை விகிதப்படி பிரிக்கப்பட வேண்டும் என்று 2016 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்குப் பிறகும் மற்ற நிறுவனங்களின் பாகம் முடியவில்லை. தலைநகர் தில்லியில் உள்ள ஆந்திர பவனின் சுமார் 20 ஏக்கர் நிலத்தைப் பிரிக்கவே 2024 மார்ச் வரை ஆனது.

மின்சாரத்தில் நிலைமை தலைகீழ். அங்கு காத்திருந்தவர் ஆந்திரம். பிரிவினை நாளான 2014 ஜூன் 2 முதல் 2017 ஜூன் 10 வரை ஆந்திர மின் உற்பத்திக் கழகம் தெலங்கானாவுக்கு மின்சாரம் வழங்கியது. அதற்கான பாக்கியும் தாமதக் கட்டணமுமாக 6,756 கோடி ரூபாயைத் தெலங்கானா செலுத்த வேண்டும் என்று மத்திய மின்துறை 2022 ஆகஸ்டில் உத்தரவிட்டது. ஆந்திரம்தான் தங்களுக்கு அதிகம் தர வேண்டியுள்ளது என்று வாதாடிய தெலங்கானா, உயர் நீதிமன்றம் சென்றது. 2023 அக்டோபரில் அந்த உத்தரவு ரத்தானது. ஒரு மாநிலம் மின்சாரம் விற்றது, மற்றொன்று வாங்கியது என்பதில் தகராறு இல்லை. எந்தக் கணக்கை எந்தக் கணக்கோடு கழிப்பது, அதை யார் தீர்ப்பது என்பதில்தான் 10 ஆண்டுகள் ஓடின.

இடையே நல்லெண்ணம் தலைகாட்டாமலும் இல்லை. 2019இல் ஹைதராபாத் தலைமைச் செயலகத்தில் தன் வசமிருந்த கட்டடங்களை ஆந்திரம் ஒப்படைத்தது. 10 ஆண்டுப் பொதுத் தலைநகர் ஏற்பாடு 2024 ஜூன் 2ஆம் தேதி முடிந்த பிறகு, ஜூலை 6ஆம் தேதி முதல்வர்கள் சந்திரபாபு நாயுடுவும் ரேவந்த் ரெட்டியும் ஹைதராபாதில் சந்தித்து, அதிகாரிகள் குழு, அதற்கு மேல் அமைச்சர்கள் குழு என்று வழிவகுத்தனர். 2025 ஜூலை 16ஆம் தேதி தில்லியில் மத்திய நீர்வள அமைச்சர் முன்னிலையில் நடந்த கூட்டத்தில், கிருஷ்ணா நீர் எடுக்கப்படும் இடங்களில் தானியங்கி அளவுமானிகள் பொருத்த இருவரும் உடன்பட்டனர். தலைப்புச் செய்தியாகாத முடிவுதான். ஆனால், அடுத்தவர் திருடுகிறார் என்ற சந்தேகம் நிலவும் இடத்தில், இருவரும் நம்பும் ஓர் அளவுமானி எந்தப் பேச்சையும்விடப் பெரிது.

சென்னைக்கு வரும் நீர்

இந்த உண்மையைத் தமிழகம் முன்பே அனுபவித்திருக்கிறது. 1953 அக்டோபர் 1ஆம் தேதி ஆந்திர மாநிலம் பிரிந்தபோது சென்னை நகரம் யாருக்கு என்ற பூசல் நாட்டையே உலுக்கியது. சித்தூர் மாவட்டம் ஆந்திரத்துக்குப் போனது. படாஸ்கர் சமரசத்தின்படி 1960 ஏப்ரல் 1ஆம் தேதி திருத்தணி தமிழகத்துக்கு வந்தது. பதிலுக்குச் செங்கல்பட்டு, சேலம் மாவட்டப் பகுதிகள் சில ஆந்திரத்துக்குச் சென்றன. காளஹஸ்தி ஆந்திரத்திலேயே நின்றது. அவ்வளவு கசப்புக்குப் பிறகு, அதே இரு மாநிலங்கள் 1983 ஏப்ரல் 18ஆம் தேதி சென்னைக் குடிநீருக்காக ஒப்பந்தம் செய்துகொண்டன. அப்போது இங்கு முதல்வர் எம்.ஜி.ஆர்.; அங்கு என்.டி. ராமராவ்.

ஒப்பந்தத்தில் இருந்தது எண் கணக்கு. மகாராஷ்டிரம், கர்நாடகம், ஆந்திரம் ஆகிய மூன்றும் தலா 5 டிஎம்சி விட்டுத்தர வேண்டும். வழியில் ஆவியாவது போக 12 டிஎம்சி எல்லையில் தரப்பட வேண்டும். ஜூலை முதல் அக்டோபர் வரை 8, ஜனவரி முதல் ஏப்ரல் வரை 4 என்று மாதமும் குறிக்கப்பட்டது. எல்லையில் ஊத்துக்கோட்டை அருகே 'ஜீரோ பாயின்ட்' என்ற இடத்தில் வரும் நீர் அளக்கப்படுகிறது. கால்வாய்ச் செலவில் தமிழகம் பங்கு தந்தது.

குறைகள் இல்லையா என்றால், நிறையவே உண்டு. முதல் நீர் பூண்டியை எட்ட 1996 ஆயிற்று. கரை சரிந்த கால்வாயைச் சத்ய சாய் அறக்கட்டளை சீரமைத்துத் தந்த பிறகு, 2004இல்தான் ஓட்டம் சீரானது. பெரும்பாலான ஆண்டுகளில் 12 டிஎம்சி முழுமையாக வந்ததில்லை. கால்வாய் ஓரத்தில் மோட்டார் வைத்து நீர் இறைக்கிறார்கள் என்பது சென்னையின் பழைய புகார். கண்ணெதிரே ஓடும் நீரைக் காய்ந்த வயலிலிருந்து பார்த்துக்கொண்டிருக்க முடியுமா என்பது அந்த விவசாயிகளின் பதில். எனினும், ஆட்சிகள் பல மாறியும் இந்த ஒப்பந்தத்தை எந்த அரசும் கைகழுவவில்லை. பாக்கி எவ்வளவு என்று இரு தரப்பும் பேச முடிகிறது என்றால், எவ்வளவு தர வேண்டும் என்று எழுதப்பட்டிருப்பதே காரணம்.

உலகம் கண்ட அனுபவம்

செக்கோஸ்லோவாகியா 1993 ஜனவரி 1ஆம் தேதி அமைதியாக இரண்டானது. பொதுச் சொத்துகள் மக்கள்தொகையை ஒட்டி 2க்கு 1 என்று பிரிக்கப்பட்டன. சில மாதங்களாவது நீடிக்கும் என்று கருதப்பட்ட பொது நாணயம், ஒருவர் மீது ஒருவருக்கு நம்பிக்கை குறைந்து மக்கள் பணத்தை மாற்றத் தொடங்கியதால், பிப்ரவரி 8ஆம் தேதியே முறிந்தது. ஆனால், சுங்க ஒன்றியம் 2004இல் இரு நாடுகளும் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேரும் வரை நிலைத்தது.

பிரிட்டன் 2020 ஜனவரி 31ஆம் தேதி ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகியது. வணிக உடன்படிக்கைக்கான பேச்சு நடந்துகொண்டிருந்தபோதே, ஏற்கெனவே கையெழுத்திட்ட விலகல் ஒப்பந்தத்தின் சில அம்சங்களை மீறும் மசோதாவை அந்நாட்டு அரசு கொண்டுவந்தது. அது சர்வதேசச் சட்டத்தை மீறுவதுதான் என்று செப்டம்பர் 8ஆம் தேதி அமைச்சர் ஒருவரே காமன்ஸ் சபையில் ஒப்புக்கொண்டார். சர்ச்சைக்குரிய பிரிவுகள் டிசம்பரில் கைவிடப்பட்ட பின்னரே வணிக உடன்படிக்கை முடிவானது. வடக்கு அயர்லாந்து பற்றிய பிணக்கு தீர 2023 பிப்ரவரி வரை ஆயிற்று. ஒப்பந்தங்களை நல்லெண்ணத்துடன் நிறைவேற்ற வேண்டும் என்று 1969 வியன்னா உடன்பாடு சொல்கிறது. ஒரு முறை அதை மீற முயன்றவர், அடுத்த ஒப்பந்தத்தின் ஒவ்வொரு வரிக்கும் கூடுதல் விலை தர வேண்டியிருக்கும்.

நம் நாட்டில் இதற்கு எதிரான முன்னுதாரணம் ஒன்று உண்டு. தேசப் பிரிவினையின்போது ரொக்க இருப்பில் பாகிஸ்தானுக்கு 75 கோடி ரூபாய் என்று ஒப்புக்கொள்ளப்பட்டு, 20 கோடி தரப்பட்டிருந்தது. காஷ்மீரில் சண்டை நடந்ததால் எஞ்சிய 55 கோடியை இந்தியா நிறுத்தி வைத்தது. காந்தியடிகள் உண்ணாவிரதம் இருந்த நாள்களில், 1948 ஜனவரி 15ஆம் தேதி அதைத் தந்துவிட மத்திய அமைச்சரவை முடிவு செய்தது. எதிரியாகிவிட்ட பங்காளிக்கும் ஒப்புக்கொண்ட பாகத்தைத் தர வேண்டும் என்பதே அந்த முடிவின் பொருள்.

இனி என்ன?

ஆந்திரத்தின் சிறப்பு அந்தஸ்து இனி கிடைக்குமா என்பது அரசியல் கேள்வி. ஆனால், அடுத்து ஒரு மாநிலம் பிரிக்கப்படும்போதும், மாநிலங்களுக்கிடையே நீருக்கும் மின்சாரத்துக்கும் பேச்சு நடக்கும்போதும் கவனிக்க வேண்டியவை தெளிவாகவே உள்ளன. அவையில் தரப்படும் வாக்குறுதி மசோதாவுக்குள் வர வேண்டும். அவகாசம் இல்லையென்றால், அவகாசம் கிடைக்கும் வரை பிரிவினை காத்திருக்கலாம். எண்ணும் கெடுவும் குறிக்கப்பட வேண்டும். இரு தரப்பும் ஏற்கும் அளவுமானி வேண்டும். கெடு தவறினால் இத்தனை மாதங்களுக்குள் தீர்ப்புச் சொல்ல ஒரு நடுவர் வேண்டும். மத்திய அரசே வாக்குக் கொடுத்த தரப்பாக இருக்கும்போது அதுவே நடுவராகவும் இருக்க முடியாது.

இவ்வளவையும் எழுதிய பிறகும், மனமில்லாதவர் ஒரு காற்புள்ளியைக் காரணம் காட்டி இழுத்தடிக்கலாம். மனமுள்ளவர்களுக்கோ, எழுத்து துணை நிற்கும். அடுத்து வரும் ஆட்சியையும் அது கட்டும். மன்னவரத்தில் அடிக்கல் நாட்டப்பட்டபோது கூடியிருந்த இளைஞர்கள் வேலை தேடி வெளியூர் போய் வெகுகாலமாயிற்று. அவர்களுக்கு நல்லெண்ணம் குறைவாகத் தரப்படவில்லை. அதை நிறைவேற்றும் பொறுப்பு யாருடையது என்பதைத்தான் எவரும் எழுதி வைக்கவில்லை.